நீரிலிருந்து ஐதரசனும் மலிவான உலோகங்களும்



மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் பெருவழியில் விடத்தல்தீவு என்றொரு கடற்கரையூர் உளது. பெயரில் தீவு இருப்பினும் ஊர் பெருநிலத்திலேயே அமைந்துள்ளது. விடத்தல் என்பது வறண்ட நிலத்தில் வளரும் ஒரு முள்மரம். ஊருக்கு மேற்கே கண்டற்காடும் சேற்றுத்திடலும், அவற்றுக்கு அப்பால் கடற்புல் படர்ந்த ஆழமற்ற கடலும் பரந்து கிடக்கின்றன. வைகாசி பிறந்தால் சோளகம் வீசத் தொடங்கும். புரட்டாதி வரை அது ஓயாது. கடல்நீர் கண்ணுக்கெட்டிய தூரம் வரை உண்டு; நல்ல குடிநீரோ அரிது. காற்று, வெயில், கடல்நீர் ஆகிய மூன்றும் இத்துணைத் தாராளமாக ஒருங்கே வாய்த்த கரைகள் இலங்கையில் அதிகம் இல்லை. இக்காரணத்தினால், நீரைப் பிரித்து ஐதரசன் என்னும் எரிவாயுவைப் பெறும் தொழிலைப்பற்றிப் பேசுவோர் மன்னார்க் கரையை அடிக்கடி சுட்டிக் காட்டுகின்றனர். 2023 ஆம் ஆண்டில் நாட்டின் ஐதரசன் தொழிலுக்கென ஒரு வழிவரைபடமும் வெளியிடப்பட்டது. அத்தொழிலின் உயிர்நாடி ஓர் உலோகத் தகட்டின் மேற்பரப்பில் இருக்கின்றது. அம்மேற்பரப்பைப் பற்றியதே இன்றைய பேச்சு.

நீரை மின்சாரத்தாற் பிரிக்கலாம் என்பது புதிய செய்தியன்று. 1800 ஆம் ஆண்டில் வோல்ற்றா தமது மின்னடுக்கை உலகுக்கு அறிவித்த சில வாரங்களுக்குள்ளேயே, இலண்டனில் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் அதன் கம்பிகளை நீரில் இட்டு, ஒரு முனையில் ஐதரசனும் மறுமுனையில் ஒட்சிசனும் குமிழிகளாக எழுவதைக் கண்டனர். ஐதரசன் எழும் மின்வாயைக் கதோட்டு என்றும், ஒட்சிசன் எழும் மின்வாயை அனோட்டு என்றும் கூறுவர். ஐதரசனை எரித்தால் மீண்டும் நீரே உண்டாகும். புகையும் இல்லை, கரியும் இல்லை. அப்படியாயின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகம் ஏன் இன்னும் இம்முறையைப் பெரிதும் கைக்கொள்ளவில்லை? உலகில் ஆண்டுதோறும் 9 கோடி தொன்னுக்கு மேற்பட்ட ஐதரசன் பயன்படுகின்றது. அதில் மிகப்பெரும் பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே பெறப்படுகின்றது. மின்பகுப்பினாற் கிடைப்பது நூற்றுக்கு ஒரு பங்குதானும் இல்லை எனலாம். காரணம் செலவு.

இச்செலவை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். நீரைப் பிரிக்கக் கொள்கையளவில் வேண்டிய மின்னழுத்தம் 1.23 உவோற்று. வேண்டிய வெப்பத்தையும் மின்சாரமே தருவதாயின் 1.48 உவோற்று. ஆனால் நடைமுறையில் 1.8 முதல் 2 உவோற்று வரை கொடுத்தாலன்றித் தொழிற்சாலைக்குப் போதிய வேகத்தில் வாயு வெளிவருவதில்லை. கலத்தின் மின்னழுத்தத்தை 26.6 ஆற் பெருக்கினால், ஒரு கிலோகிராம் ஐதரசனுக்குச் செலவாகும் மின்சார அலகுகள் கிடைக்கும். 2 உவோற்றில் 53 அலகு, 1.8 உவோற்றில் 48 அலகு. மின்பட்டியல் கட்டும் எவருக்கும் இந்த வேறுபாடு விளங்கும்.

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 ஆம் ஆண்டு திசெம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலையில் 30 சுழலிகள் உள்ளன. ஒவ்வொன்றின் ஆற்றலும் 3.45 மெகாவாற்று. சோளகம் உரத்து வீசும்போது ஒரு சுழலி ஒரு மணித்தியாலத்தில் 3,450 அலகு மின்சாரம் தரும். அதனை 2 உவோற்றுக் கலத்திற் செலுத்தினால் 65 கிலோகிராம் ஐதரசன், 1.8 உவோற்றுக் கலத்திற் செலுத்தினால் 72 கிலோகிராம். காற்றும் அதுவே, சுழலியும் அதுவே, நீரும் அதுவே. மின்வாயின் மேற்பரப்பு மட்டுமே வேறு. ஏழு கிலோகிராம் மிகுதியாகக் கிடைப்பது அதனாலேதான்.

அப்படியாயின் அம்மேற்பரப்பு செய்வது என்ன? நீர் மூலக்கூறு பிரியும்போது ஐதரசன் அணுக்கள் முதலில் உலோகத்தின்மீது ஒட்டிக்கொள்கின்றன. பின்னர் இரண்டு அணுக்கள் சேர்ந்து மூலக்கூறாகி உலோகத்தை விட்டு நீங்குகின்றன. ஒட்டவும் வேண்டும், விடவும் வேண்டும். நண்டு வலை போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. வலை தளர்ந்ததாயின் நண்டு சிக்காது. மிக இறுகச் சிக்கினாலோ, கரைக்கு வந்தபின் ஒவ்வொரு நண்டாகக் காலொடியாமற் பிரித்தெடுப்பதற்குள் வெயில் ஏறிவிடும். அதுவரை அவ்வலையை மீண்டும் கடலில் இறக்க முடியாது. ஈயமும் இரசமும் ஐதரசனைப் பற்றுவதேயில்லை எனலாம். தங்குதன், மொலித்தனம் ஆகிய உலோகங்கள் பற்றினால் விடுவதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே, வேண்டிய அளவு பற்றி வேண்டிய வேளையில் விடுவது பிளாற்றினம். ஒரே நிலைமையில் இரசத்தின்மீது நிகழும் வேகத்தினும் பிளாற்றினத்தின்மீது இவ்வினை ஏறத்தாழ நூறு கோடி மடங்கு விரைவாக நிகழ்கின்றது. தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்தும் இத்தகைய பொருளை ஊக்கி என்று விஞ்ஞானிகள் அழைப்பர்.

ஒட்சிசன் எழும் பக்கமே கடினமானது. அங்கே நான்கு இலத்திரன்கள் படிப்படியாக நீங்கவேண்டும். மின்னழுத்தம் வீணாவதில் பெரும்பங்கு அப்பக்கத்திலேயே. அமிலச் சூழலில் அவ்வேலையைச் செய்து தாக்குப்பிடிக்கும் உலோகம் இரிடியம். இரிடியத்துக்கெனத் தனிச் சுரங்கம் கிடையாது. பெரும்பாலும் தென்னாபிரிக்காவில், பிளாற்றினம் அகழும்போது உடன்விளைவாகக் கிடைப்பது. உலகம் முழுவதற்கும் ஆண்டுக்கு ஏழெட்டுத் தொன். அமிலச் சவ்வுக் கலம் ஒரு மெகாவாற்றுக்கு ஏறத்தாழ அரைக் கிலோகிராம் இரிடியம் கேட்கின்றது. எனவே ஓராண்டில் உலகுக்குக் கிடைக்கும் இரிடியம் முழுவதையும், வேறு எத்தொழிலுக்கும் கொடாது, இதற்கே செலவிட்டாலும் 15,000 மெகாவாற்றுக்கு மேற் போதாது. நிக்கலோ ஆண்டுக்கு 30 இலட்சம் தொன்னுக்கு மேல் வெட்டியெடுக்கப்படுகின்றது. இரும்பைப்பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

நேயர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். மலிவான உலோகத்தால் நீரைப் பிரிப்பது ஏதோ நேற்றுத் தோன்றிய புதுமை என்று சிலர் எழுதுவதைக் காண்கின்றேன். அது சரியன்று. நோர்வே நாட்டின் றியூக்கன் பள்ளத்தாக்கில் 1929 ஆம் ஆண்டிலேயே அருவி மின்சாரத்தால் நீரைப் பிரித்துப் பசளை செய்தனர். இந்தியாவில் பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு பஞ்சாப்பின் நங்கல் என்னுமிடத்தில் 1961 முதல் அவ்வாறே செய்தனர். இத்தகைய பழைய ஆலைகளில் காரநீரினுள் நிற்பவை உருக்குத் தகடுகளும் நிக்கல் பூசிய தகடுகளுமே. காரநீரில் நிக்கல் கரைவதில்லை; ஆதலின் பல்லாண்டு உழைக்கும். பின்னர் இயற்கை வாயுவிலிருந்து ஐதரசன் மலிவாகக் கிடைத்தமையால் இவ்வகை ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அல்லது வேறு முறைக்கு மாறின. மன்னார்ப் படுகையின் ஆழ்கடலிலும் 2011 ஆம் ஆண்டில் இயற்கை வாயு கண்டறியப்பட்டது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

பழைய காரநீர்க் கலம் மலிவு. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. அருவியைப்போல் இரவும் பகலும் ஒரே சீராக வரும் மின்சாரத்தை அது விரும்பும். காற்றோ அப்படியன்று. கச்சான் மாறினாற் சுழலி மெலியும், சோளகம் எழுந்தால் விரையும், சில வேளை நின்றே போகும். மின்னோட்டம் மிகக் குறையும்போது பழைய கலத்தில் ஐதரசனும் ஒட்சிசனும் தடுப்பைக் கடந்து ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கும். அக்கலவை வெடிக்கக் கூடியது. நிறுத்தி நிறுத்தி இயக்கினால் தகடுகளும் அரிப்புண்ணும். அமிலச் சவ்வுக் கலம் இவ்வேற்றத்தாழ்வுகளை எளிதிற் தாங்கும்; அதற்கோ பிளாற்றினமும் இரிடியமும் வேண்டும். மலிவானது காற்றுக்கு ஒத்துவராது, காற்றுக்கு ஒத்துவருவது மலிவில்லை. இவ்விக்கட்டிலிருந்து வெளியேறும் வழியையே இன்று பல நாடுகளிலும் தேடுகின்றனர். காரத்தன்மையுள்ள சவ்வு ஒன்றைச் செய்து, அதன் இருபுறமும் நிக்கல், இரும்பு, மொலித்தனம் முதலியவற்றைப் படிவித்தால் இரு நன்மைகளையும் ஒருசேரப் பெறலாம் என்பது அவர்கள் கருத்து.

இவ்வுலோகங்கள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதில் சுவையான கதைகள் உண்டு. தோமஸ் எடிசன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கலும் இரும்பும் கொண்ட சேமிப்புக் கலத்தை உருவாக்கினார். அக்கலத்தில் ஒரு குறை இருந்தது. மின்னேற்றும்போது சிறிதளவு இரும்பு நிக்கல் தகட்டிற் கலந்துவிட்டால், மின்சாரம் சேமிக்கப்படாமல் ஒட்சிசன் குமிழிகளாகப் போய்விடும். கலஞ் செய்வோர் இரும்பை நஞ்சென்று வெறுத்தனர். 1987 ஆம் ஆண்டில் கொரிகன் என்பார் இதனை மறுபுறமாக நோக்கி ஆராய்ந்தார். ஒட்சிசன் எழுவதுதானே நமக்கு வேண்டும்? நிக்கலுடன் சிறிதளவு இரும்பு சேர்ந்தால் ஒட்சிசன் வினை பன்மடங்கு விரைவுறுகின்றது என்பதை அவர் அளந்து காட்டினார். இன்று காரநீரில் ஒட்சிசன் பக்கத்துக்கு நிக்கல்-இரும்புக் கூட்டையே பெரும்பாலோர் முதலிற் கருதுகின்றனர்.

ஐதரசன் பக்கத்துக்கு வழிகாட்டியவை செடிகள். நெல் அறுத்தபின் வயலிற் பயறோ உழுந்தோ விதைப்பவர்கள் அவற்றின் வேரிற் சிறு முடிச்சுகளைக் கண்டிருப்பர். அம்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பசளையாக மாற்றுகின்றன. உடன்விளைவாகச் சிறிது ஐதரசனையும் வெளியிடுகின்றன. அந்நொதியத்திற் பிளாற்றினம் இல்லை. இரும்பும் மொலித்தனமும் கந்தகமுமே உள்ளன. தென்மார்க்கில் நோர்ஸ்கோவ் என்பாரும் அவரது குழுவினரும் இதனைக் கண்டு வியந்து, மொலித்தனமும் கந்தகமும் சேர்ந்த மொலித்தனம் இருசல்பைட்டு இவ்வினைக்கு உதவுமா என்று கணக்கிட்டனர். 2005 இல் வெளியான அவர்களது முடிவு, உதவும் என்பது. 2007 இல் மற்றோர் ஆய்வு, அப்பொருளின் தட்டையான முகம் வாளாவிருக்க, விளிம்புகளே வேலை செய்கின்றன என்று காட்டியது. இப்பொருள் நமக்கு அந்நியமன்று. வாகனம் திருத்துமிடங்களிற் பூசும் கரிய கிறீசில் இருப்பதும் இதுவே. முகம் வழுக்கும், விளிம்பு வினைபுரியும். ஆதலின் விளிம்புகள் மிகுந்த நுண்துகள்களாக அதனைச் செய்வதே ஆய்வாளரின் பெருமுயற்சியாயிற்று. தனியே நின்றால் ஐதரசனை இறுகப் பற்றும் மொலித்தனத்தை நிக்கலுடன் கலந்தால் பிடி இளகுகின்றது. காரநீரில் இக்கலவை பிளாற்றினத்துக்கு மிக அண்மையில் வந்து நிற்கின்றது.

வீட்டிலே இருந்து ஊக்கியின் வேலையைக் காண விரும்பும் மாணவர்களுக்கு ஒரு சோதனை சொல்வேன். ஒரு கண்ணாடிக் குவளை நீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்துக்கொள்க. கறியுப்பை இடுதல் கூடாது. இட்டால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். இரு பக்கமும் சீவிய இரண்டு பென்சில்களை நீரில் நிறுத்தி, மேல்முனைகளைக் கம்பியால் இரண்டு விளக்குக் கலங்களுடன் தொடுக்க. மெல்லச் சில குமிழிகள் தோன்றும். பின்னர் பென்சில்களை எடுத்துவிட்டுத் துருப்பிடியா உருக்கினாலான இரண்டு கரண்டிகளை ஒன்றையொன்று தொடாதபடி இடுக. அதே கலங்கள்தாம், ஆனால் குமிழிகள் மிகுந்தெழுவதைக் காணலாம். உருக்கில் உள்ள இரும்பும் நிக்கலும் செய்யும் வேலையில் ஒரு பங்கு அது. கரண்டியின் பரப்பு பெரிதாயிருப்பதும் ஒரு காரணமே. காற்றோட்டமான இடத்திற் செய்க. அருகில் நெருப்பு வேண்டா. அக்கரண்டிகளைப் பின்னர் உணவுக்கு எடுத்தலாகாது.

பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இத்துறையிற் தமிழர் கை இருக்கின்றது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாவும் கொடுத்தமையால் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு 1948 இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 இல் அது திறக்கப்பட்டது. இன்று அங்கிருந்து நிக்கல், கோபாற்று, இரும்பு ஆகியவற்றாலான ஊக்கிகளைப்பற்றி ஆய்வுக் கட்டுரைகள் பல வெளிவருகின்றன. சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பேராசிரியர் இராமபிரபுவின் குழு, காரமாக்கிய கடல்நீரையே பிரிக்கும் கருவியொன்றின் உறுப்புகளை உருவாக்கி 2023 இல் அறிவித்தது. கரித்தளத்தின்மீது இரு உலோகங்களைப் படிவித்த மின்வாய்களும், செலுலோசினாலான தடுப்பும் அதன் சிறப்பு. நம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியற் துறையில் பேராசிரியர் ரவிராஜனும், நோர்வேயின் பேர்கன் நகரில் மேற்கு நோர்வேப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளையும் தூய சக்திக்கான நுண்பொருள்களை ஆராயும் கூட்டுமுயற்சியில் மாணவர்களைப் பயிற்றி வருகின்றனர்.

ஆய்வுகூடச் செய்திகளைப் படிக்கும்போது ஓர் எண்ணைத் தேடிப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. எத்தனை மணித்தியாலம் அந்த ஊக்கி உழைத்தது என்பதே அவ்வெண். நூறு மணித்தியாலம் உழைத்ததென்று பெருமையாக எழுதியிருப்பார்கள். தொழிற்சாலையோ 60,000 மணித்தியாலம் கேட்கும். இன்று காரச் சவ்வின் குறையும் அதுவே. சூடான காரத்தில் அது நாளடைவில் நைந்துபோகின்றது. உலோகம் மலிவாயிருந்தாற் போதாது. ஓயாது வேலை செய்யவும் வேண்டும். ஐதரசன் விலையிற் பெரும்பங்கு மின்சாரத்தின் விலையே ஆதலின், நல்ல ஊக்கியின் பெரும்பயன் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதே.

கடல்நீரை நேரே பிரித்தல் என்னும் பேச்சிலும் சற்று நிதானம் வேண்டும். கடல்நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்கு. மின்சாரம் பாய்ச்சினால் ஒட்சிசனுடன் போட்டியிட்டுக் குளோரினும் எழும். மறுபக்கத்தில் மகனீசியமும் கல்சியமும் வெண்படிவாகத் தகட்டை மூடும். நன்னீராக்கிப் பிரிப்பதற்கு எவ்வளவு செலவு என்று பார்ப்போம். ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு வேண்டிய நீர் 9 இலீற்றர். ஒரு சுழலி ஒரு மணித்தியாலத்தில் தரும் 65 கிலோகிராமுக்கு 600 இலீற்றருக்குச் சற்றுக் குறைவு. கடல்நீரை நன்னீராக்க 1,000 இலீற்றருக்கு மூன்று நான்கு அலகு மின்சாரம் போதும். 3,450 அலகு செலவிடும் இடத்தில் இரண்டு மூன்று அலகு ஒரு பொருட்டன்று. எனவே ஊர்க் கிணறுகளிலோ கட்டுக்கரைக் குளத்திலோ ஒரு துளி நீரும் எடாமல் இத்தொழிலை நடத்த முடியும். நடத்துவோர் அதற்கு இணங்கவேண்டும், அவ்வளவே.

எஞ்சி நிற்பது உவர்க்கழிவு. நன்னீர் பிரிந்தபின் ஏறத்தாழ இருமடங்கு உப்புடன் எஞ்சும் நீரை எங்கே விடுவது? ஆழ்கடலில் விட்டாற் கலந்துவிடும். விடத்தல்தீவுக்கு எதிரேயுள்ள ஆழமற்ற களப்பில் விட்டாலோ கடற்புல் வாடும். அதனை நம்பியிருக்கும் நண்டும் இறாலும் மீன்குஞ்சும் குறையும். இக்கரையில் ஏறத்தாழ 29,000 எக்டேயர் பரப்பு 2016 இல் இயற்கை ஒதுக்கிடமாக்கப்பட்டது. 2024 இல் நீருயிர் வளர்ப்புக்கென அதன் ஒரு பகுதியை விடுவிக்கும் அறிவித்தல் வெளிவந்தபோது, விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. காற்றாலைகளுக்கு எதிராகவும் 2025 இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். வெள்ளம் வடிவதும், பறவைகள் வருவதும், மீன்பாடும் கெடுமென்பது அவர்கள் அச்சம். அவ்வாண்டு பெப்ரவரியில் அதானி நிறுவனமும் தன் மன்னார், பூநகரித் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. ஐதரசன் ஆலை வருவதாயின் இதே கேள்விகளை இதே மக்கள் கேட்பர். கேட்க உரிமையுடையோரும் அவர்களே.

ஆலை எவருக்கு உதவும் என்பதும் அவர்கள் கேள்விகளுள் ஒன்றாகவே இருக்கும். ஐதரசனை நைதரசனுடன் சேர்த்தால் அமோனியா. மீன் பதப்படுத்தும் பனிக்கட்டி ஆலைகளில் அமோனியா பழகிய பொருள். யூரியாப் பசளைக்கும் அதுவே மூலம். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நெற்செய்கையாளர் பட்ட பாட்டை மாந்தைப் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். சோளகம் மிஞ்சி வீசும் இரவுகளில், மின்வலையமைப்புக்கு வேண்டாத மின்சாரத்தைக் கொண்டு ஒரு சிறு அமோனியா ஆலையை இம்மாவட்டத்தின் வயல்களுக்காக நடத்துவதும், கப்பலேற்றுமதிக்கென நூற்றுக்கணக்கான சுழலிகளைக் கரை நெடுக நாட்டுவதும் ஒன்றல்ல. முன்னையதற்குப் பத்து மெகாவாற்று அளவிலான கலமும் அதற்குரிய நிக்கல் தகடுகளும் போதும். பின்னையதற்குத் துறைமுகமும் குழாய்வழியும் பல சதுரக் கிலோமீற்றர் நிலமும் வேண்டும்.